சிட்னி – லாஸ் ஏஞ்சலிஸ்: கணக்கில் 8,286 கி.மீ. வருகிறது, எங்கே தவறு?

நீலவான்:
இந்த இரு விமான நிலையங்களுக்கும் இடையே 12,051 கி.மீ. என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கிறது. எக்செல்லில் நானே போட்டால் 8,286 வருகிறது. சிட்னி: -33.946, 151.177. லாஸ் ஏஞ்சலிஸ்: 33.943, 118.408. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. கோணங்களை ரேடியனுக்கு மாற்றியாயிற்று. இன்னொன்று: போக 13½ மணி, திரும்ப 15 மணி என்று அட்டவணை சொல்கிறதே, தூரம் ஒன்றுதானே?

கோளக்கணக்கு:
லாஸ் ஏஞ்சலிஸ் மேற்குத் தீர்க்கரேகை. -118.408 என்று போடுங்கள். மைனஸ் விட்டுப்போனதால் வித்தியாசம் 32.769 பாகை ஆகிவிட்டது, உண்மையில் 269.585, அதாவது சுருக்கமான பக்கமாக 90.415. எதைப் போட்டாலும் கோசைன் ஒன்றே, ஆகவே 360-இல் கழிக்கும் வேலை இல்லை. அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கினால் -0.3118. கோசைன்களின் பெருக்கத்தோடு வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்கினால் -0.0050. கூட்டி ஆர்க்கோசைன் எடுத்தால் 108.47 பாகை, அதாவது 12,061 கி.மீ. மீதி 10 கி.மீ. பிழையல்ல. பூமி துருவங்களில் தட்டையானது. 12,051 அந்த நீள்கோள வடிவத்துக்குப் போட்ட கணக்கு.

காற்றுத்திசை:
நேரத்துக்குக் காரணம் காற்று. ஒலியின் 0.85 மடங்கு வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு 36,000 அடிக்கு மேல் மணிக்குச் சுமார் 900 கி.மீ. கிடைக்கும். ஆனால் அது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம், தரையைப் பொறுத்ததல்ல. மேலே வீசுவது பெரும்பாலும் மேற்கிலிருந்து. காற்றின் வேகம் வழி முழுக்கச் சராசரி மணிக்கு 50 கி.மீ. என்று வையுங்கள்: போகும்போது 950, சுமார் 12 மணி 40 நிமிடம், வரும்போது 850, சுமார் 14 மணி 10 நிமிடம். ஏறி இறங்கவும் ஓடுபாதை வரை ஊர்ந்து போகவும் 40 நிமிடம் சேர்த்தால் உங்கள் அட்டவணைக்கு அருகில் வந்துவிடும். அட்டவணை நேரம் கதவருகே கிளம்பி மறு கதவருகே நிற்கும் வரை; வானில் இருக்கும் நேரம் மட்டுமல்ல.

50 என்பது குறைவாகத் தோன்றலாம். இந்தத் தடம் பூமத்தியரேகையைக் கடக்கிறது, நடுவில் காற்று மெலிந்துவிடும். டோக்கியோ – லாஸ் ஏஞ்சலிஸ் போல வடபசிபிக்கின் ஜெட் காற்றை (உயரத்தில் வேகமாக வீசும் குறுகிய காற்றோட்டம்) ஒட்டியே ஓடும் தடத்தில், தூரம் குறைவாக இருந்தும் இரு திசைக்கும் இடைவெளி கிட்டத்தட்ட இதே அளவு. அதோடு, விமானம் நீங்கள் கணக்கிட்ட அந்த மிகக் குறுகிய வளைவுக் கோட்டிலேயே போகும் என்று நினைக்காதீர்கள். எதிர்க்காற்றைத் தவிர்க்கச் சில நூறு கி.மீ. சுற்றினாலும் எரிபொருள் மிச்சமாகலாம்.

நீலவான்:
மைனஸ்தான். 12,061 வந்துவிட்டது, நன்றி. ஆனால் காலை 10-க்குக் கிளம்பி அதே நாள் காலை 6.30-க்கு இறங்குவதாகக் காட்டுகிறது. இதுவும் என் பிழையா?

தேதிக்கோடு:
இல்லை, சரி. ஜூலையில் சிட்னி 17 மணி முன்னால். காலை 10 + 13½ = இரவு 11.30, 17 கழித்தால் அதே நாள் காலை 6.30. திரும்பும்போது திங்கள் இரவு 10-க்குக் கிளம்பினால் இறங்குவது புதன் காலை 6. செவ்வாய்க்கு ஹோட்டல் பதிவு செய்து ஏமாறுவது இங்கேதான். 17-ஐ நிலையாக எழுதி வைக்காதீர்கள்: ஜனவரியில் 19. கோடைநேரம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவது) இரு ஊரிலும் ஒரே நாளில் மாறாததால் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரையும், அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரையும் 18.