ஃப்ரெடியை மறுபடி பார்த்த ராத்திரி

'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' என்ற ஆங்கிலத் திகில் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குப் பதினாலு வயது. சித்தப்பா வீட்டில் வீடியோ கேசட்டில் பார்த்தோம், பெரியவர்கள் எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அன்றைக்கு என்னை நடுங்க வைத்தது, கனவில் வந்து பிள்ளைகளைக் கொல்லும் ஃப்ரெடி க்ரூகரின் கத்தி விரல்களும் வெந்துபோன முகமும்தான். போன வாரம் ராத்திரி தனியாக உட்கார்ந்து மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை பயம் வேறு இடத்திலிருந்து வந்தது.

1984-ல் வந்த படம். கதாநாயகி நான்சியின் தோழி டீனா சுவரிலும் கூரையிலும் இழுபட்டுச் சாகும் காட்சிக்காக அறையையே சுழலும்படி கட்டினார்கள். நான்சியின் காதலன் க்ளென்னின் கட்டிலிலிருந்து ரத்தம் கூரைக்குப் பீய்ச்சி அடிப்பதும் அதே அறையைத் தலைகீழாகத் திருப்பி எடுத்ததுதான். க்ளென்னாக வரும் ஜானி டெப்புக்கு இதுதான் முதல் படம். நான்சி தூங்கும்போது அவள் தலைக்கு மேலே சுவர் பிதுங்கி ஒரு உருவம் குனிந்து பார்க்குமே, அது ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் துணி, அவ்வளவுதான். தெரிந்தும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் இந்தத் தடவை என்னை உலுக்கியது நான்சியின் அம்மா. தூங்கினால் செத்துப்போவேன் என்று மகள் கதறுகிறாள், இவர் காபியைப் பிடுங்கி வைத்துவிட்டுப் படுத்துக்கோ என்கிறார், ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டு வீட்டையும் பூட்டிவிடுகிறார். அப்பா போலீஸ் அதிகாரி, எதிர் வீட்டிலேயே நிற்கிறார், மகள் கூப்பிட்ட நேரத்துக்கு வரமாட்டார். ஃப்ரெடியை எரித்துக் கொன்றதே இந்தப் பெற்றோர்கள்தான், அதைப் பிள்ளைகளிடம் ரொம்ப நாள் மூச்சுவிடவில்லை.

தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அகதியாக அமெரிக்கா வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் கனவுக்குப் பயந்து நாள்கணக்கில் விழித்திருந்து, கடைசியில் தூங்கிய ராத்திரியே இறந்துபோன செய்தியை லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸில் படித்துத்தான் கதை பிறந்தது என்று இயக்குநர் வெஸ் க்ரேவன் சொல்லியிருக்கிறார். அவன் அறையில் ஒளித்து வைத்த காபி மெஷின் இருந்ததாம். நான்சியும் அப்படி ஒன்றை ஒளித்து வைத்திருப்பாள். அந்தக் காட்சி வந்ததும் படத்தை நிறுத்திவிட்டேன். என் மகள் போன மாதம் கனவு கண்டு அழுதுகொண்டு வந்தபோது, "ஒண்ணுமில்ல, போய்த் தூங்கு" என்று நானும்தான் திருப்பி அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து மீதியைப் பார்த்தேன். அம்மாவைக் கதவிலிருக்கும் ஜன்னல் வழியாக இழுக்கும் அந்தக் கடைசிக் காட்சி மட்டும் அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. பொம்மை என்று அப்பட்டமாகத் தெரிகிறது.