ரொறன்ரோ மேயர் தேர்தல்: வாக்குப் போட முதல் உங்களை யோசிக்க வைச்ச ஆள் யார்?

மல்வேர்ன் அக்கா:

2026 ஒக்ரோபர் 26 திரும்பவும் மேயர் எலெக்‌ஷன். எங்கட வீட்டில கதை தொடங்கியிட்டுது. எனக்கு 2023 ஜூன் இடைத்தேர்தல் நேரம் நடந்த ஒண்டு இன்னும் மனசை விட்டுப் போகேல்லை.

மேயரா இருந்த ஜோன் ரோறி விலகி, நூற்றிரண்டு பேர் போட்டிக்கு நிண்ட காலம். எங்களுக்கு பேஸ்மென்ற் வீடு, வாசல் பக்கத்தால. மேல வீட்டுக்கார அன்ரி கதவைத் திறந்து, ஒரு வேட்பாளருக்காக வந்த வொலன்ரியரிட்ட "கீழயும் ஆக்கள் இருக்கினம், அவையளிட்டயும் கேளும்" எண்டு சொல்லி என்னைக் கூப்பிட்டவ. புட்டுமாக் கையோட ஏறி வந்தன். அந்தப் பொடியன் கேட்ட முதல் கேள்வி, "வீடு உங்கட சொந்தமோ?" இல்லை, வாடகைக்கு இருக்கிறம் எண்டன். சிரிச்சு நன்றி சொல்லிப்போட்டு, கையில இருந்த தாளில எங்கட வரியில பேனையால ஒரு கோடு இழுத்தான். எனக்கு முன்னாலயே. பிறகு அடுத்த வீட்டுக்கு நடந்திட்டான்.

நான் சிற்றிசன். வாக்கு இருக்கு. போட்டியில முன்னுக்கு நிண்ட ஒலிவியா சோ மாநகரக் காணியில வாடகைக் கட்டுப்பாட்டோட 25,000 வீடு கட்டுறன் எண்டதும் தெரியும், மற்ற வேட்பாளர் அனா பைலாவ் துணை மேயரா இருந்து வீட்டு விசயம் பாத்தவ எண்டதும் தெரியும். ரெண்டு பேருக்கும் நடுவில தான் நிண்டனான். ஒரு கேள்வி கேக்க வேணும் எண்டு வைச்சிருந்தன்: 2018 நவம்பர் 15க்குப் பிறகு ஆக்கள் குடிவந்த இடங்களுக்கு வாடகை எவ்வளவும் ஏத்தலாம் எண்டு மாகாணம் சட்டம் வைச்சிருக்கு, எங்கட பேஸ்மென்றும் அதுக்குப் பிறகு செய்தது, மேயரா வந்தால் அதுக்கு என்ன குரல் குடுப்பியள்? கேக்க விடேல்லை.

எந்தப் பக்கத்து ஆள் எண்டு இங்க எழுதமாட்டன். உங்களுக்கும் இப்பிடி ஒரு சந்திப்பு இருந்தால் எழுதுங்கோ. யார் திறம் எண்ட சண்டை வேண்டாம்.

கென்னடி ஸ்ரேசன்:

எனக்கு அது எஸ்.ஆர்.ரியில, அந்த ஸ்காபரோ ரெயினில. மக்கோவனில இருந்து கென்னடிக்கு தினம் அதில தான் வேலைக்குப் போறனான். 1985இல ஓடத் தொடங்கின ரெயின், 2023 நவம்பரோட நிப்பாட்டுறம் எண்டு அறிவிச்சிருந்தவை. சப்வே வர 2030 ஆகும் எண்டும் சொல்லியிருந்தவை.

பக்கத்தில ஒரு அம்மா, ஆஸ்பத்திரியில கிளீனிங் வேலை, கழுத்தில அடையாள அட்டை. மடியில மூண்டு நாலு வேட்பாளர்களிண்ட நோட்டீஸ். பேனை ஒண்டால வாசிச்சு வாசிச்சுக் கோடு போட்டுக்கொண்டு வந்தவ. வீடு, பொலிஸ், வரி ஒண்டுக்கும் கோடு இல்லை. பஸ், ரெயின் எண்டு வாற வரியளுக்கு மட்டும். பழைய தண்டவாளத்தை எடுத்துப்போட்டு பஸ்சுக்குத் தனிப்பாதை போடுற கதை ஒண்டில இருந்தது. அதுக்குக் கீழ ரெண்டு கோடு, பக்கத்தில "எப்ப?" எண்டு எழுதியிருந்தவ.

நானும் அதையே தான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான் எண்டு சொன்னன். "தம்பி, விடிய அஞ்சரைக்கு வெளிக்கிடுறன். இனி நாலரையோ?" எண்டா. அதுக்கு எந்த நோட்டீசிலயும் பதில் இல்லை.

வாக்கு ஜூன் 26. ஜூலை 24 பின்னேரம் எல்ஸ்மியருக்குத் தெற்கால கடைசிப் பெட்டி கழண்டு தடம் புரண்டது. ஐஞ்சு பேருக்குக் காயம். அதுக்குப் பிறகு அந்த ரெயின் ஓடவேயில்லை. அண்டைக்கு அந்த அம்மா அதில இருந்தவவோ எண்டு இண்டைக்கும் தெரியாது. பஸ்சில ஏறேக்க எல்லாம் முகங்களைப் பாக்கிறன்.

நூற்றிரண்டு பேர்:

நான் வாக்குச்சாவடியில வேலை செய்தனான். அந்த வாக்குச்சீட்டை நீங்கள் எல்லாரும் ஒருக்காத்தான் கண்டிருப்பியள், நான் நாள் முழுக்கக் கண்டனான். 25 பேரிண்ட கையெழுத்தும் 200 டொலரும் குடுத்தால் மேயருக்கு நிக்கலாம் எண்டபடியால் அவ்வளவு பேர். நாய் ஒண்டிண்ட சார்பில கூட ஒருத்தர் நிண்டவர், றோட்டில உப்புப் போடுறது நாயளிண்ட காலுக்குக் கூடாது எண்டு. அதைப் பலர் பகிடியா எடுத்தவை. எங்கட அம்மம்மா ஒராளுக்கு அந்தத் தாள் பகிடியா இருக்கேல்லை.

எண்பது வயசுக்கு மேல இருக்கும், தனிய வந்தவ. தாளைக் கொண்டுபோய்த் தடுப்புக்குப் பின்னால நிண்டா. நிண்டுகொண்டே இருந்தா. பேரெல்லாம் கடைசிப் பேரிண்ட ஆங்கில எழுத்து ஒழுங்கில, சின்ன எழுத்தில. பிறகு திரும்பி வந்து என்னட்டத் தமிழில, "பிள்ளை, எனக்கு ஆளைத் தெரியும், முகத்தைத் தெரியும், ரீவியில பேசினதும் தெரியும். பேர் எங்க கிடக்கெண்டு விரலால தொட்டுக் காட்டு" எண்டவ. யார் எண்டும் என்ர காதுக்குள்ள சொன்னவ.

நான் தொட்டுக் காட்டத் துணியேல்லை. பொறுப்பதிகாரியைக் கூப்பிட்டன். உதவிக்கு ஒருத்தரைக் கூட்டி வந்து, அவர் உறுதிமொழி எடுத்து உதவி செய்யலாம் எண்டு விளங்கப்படுத்தினன். "மகள் வேலை, ஆரைக் கூப்பிட?" எண்டா. திரும்பப் போய் நிண்டா. கடைசியில ஏதோ ஒண்டுக்கு அடையாளம் போட்டு மெசினுக்குள்ள விட்டிட்டுப் போனா. தான் நினைச்ச ஆளுக்குத் தான் விழுந்ததோ எண்டு அவவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நோட்டீஸ் அச்சடிச்ச வேட்பாளர்கள் தங்கட பேர் தாளில எந்த இடத்தில வருது எண்டு ஒரு படம் போட்டிருந்தால் காணும். அதைச் செய்த ஒருத்தரையும் நான் காணேல்லை.

பேர்ச்மவுண்ட் வீட்டுக்காரன்:

முதல் எழுதின அக்காவுக்கு. கோடு இழுத்தது மரியாதை இல்லைத்தான், ஏற்றுக்கொள்ளுறன். ஆனால் வீட்டுக்காரனிட்ட முதலில வாறதுக்குக் காரணம் இருக்கு. புரொப்பேர்ட்டி ரக்ஸ் பில் எங்கட பேருக்குத் தான் வருது. நகரத்துக்கு ஒரு பில்லியனுக்கு மேல பற்றாக்குறை எண்டு எல்லா விவாதத்திலயும் சொன்னவை. அப்ப அதை ஆர் கட்டுறது?

என்ர சந்திப்பு பிளாசா ஒண்டில. ரெண்டு வேட்பாளர்களிண்ட ஆக்கள் பக்கத்துப் பக்கத்தில மேசை போட்டிருந்தவை. ரெண்டு பேரிட்டயும் ஒரே கேள்வி: வரி எத்தினை வீதம் கூடும்? ஒரு பக்கத்தில "நியாயமான அளவு" எண்டினம். மற்றப் பக்கத்தில "செலவைக் குறைப்பம்" எண்டினம். ரெண்டும் இலக்கம் இல்லை. நான் திரும்பவும் கேட்டன், இலக்கம் சொல்லுங்கோ எண்டு. ரெண்டு மேசையிலயும் ஒரே நேரத்தில என்ர கையில ஒரு பேனை தந்தினம், இலவசப் பேனை. அந்த ரெண்டு பேனையும் இப்பவும் காருக்குள்ள கிடக்கு.

சோ வெண்டா, 37 வீதம். பைலாவுக்கு 32. அடுத்த வருச பட்ஜெற்றில வீட்டு வரி 9.5 வீதம். 2025இல 6.9. ரோறி கடைசிக் கிழமையில பைலாவை ஆதரிச்சது எனக்கு அப்ப பெரிசாத் தெரியேல்லை, இப்ப தெரியுது. கார்டினர், டொன் வலி பார்க்வே எண்ட நகரத்து ரெண்டு பெருந்தெருவையும் மாகாணத்திண்ட தலையில போடவேணும் எண்டு பிரசாரத்தில சொன்னவ பைலாவ். 2023 நவம்பரில மாகாண முதல்வர் டக் ஃபோர்ட்டோட கதைச்சு அதைச் செய்து முடிச்சவ சோ. நல்லது தான். அப்ப அந்த யோசனை ஆருடையது எண்டதையும் சொல்ல வேணும்.

மல்வேர்ன் அக்கா:

அண்ணை, பில் உங்கட பேருக்கு வருது. அது எங்கட வாடகைக்குள்ள தான் இருக்கு. மேல வீட்டு அன்ரி 9.5 வந்த வருசம் எங்களுக்கு அந்தக் கடிதத்தைக் காட்டித் தான் வாடகை கூட்டினவ. பிழை சொல்லேல்லை, அவவுக்கும் மோர்ட்கேஜ் இருக்கு. வரி கட்டுறது நீங்கள் மட்டும் எண்டு மட்டும் எழுதாதேங்கோ.

கிச்சன் ஷிஃப்ட்:

நான் தஞ்சாவூர் பக்கம். இங்க பி.ஆர்., அதாவது பெர்மனென்ட் ரெசிடென்ட், அதனால ஓட்டு கிடையாது. சிட்டிசனுக்கு மட்டும்தான். வரி வாடகையில போகுது, பஸ் கட்டணம் போகுது, ஓட்டு இல்ல. பி.ஆர். ஆளுங்களுக்கும் நகரத் தேர்தல்ல ஓட்டு குடுக்கணும்னு ரொம்ப வருஷமா கேட்டுட்டு இருக்காங்க, மாகாணம் சட்டத்தை மாத்தணும்.

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு எக்ளின்டன்ல பஸ்சுக்கு நிக்கிறேன். மழை. ஒரு வயசான வெள்ளக்கார அம்மா ஒரு வேட்பாளருக்காக காலங்காத்தால நோட்டீஸ் குடுத்துட்டு இருந்தாங்க. எனக்கு ஓட்டு இல்லங்கன்னு சொன்னேன். போயிடுவாங்கன்னு நினைச்சேன். "பரவாயில்ல, நீங்க என்ன கேட்டிருப்பீங்க, சொல்லுங்க" அப்படின்னாங்க. ராத்திரி பஸ் அரை மணிக்கு ஒண்ணு வருது, ஒண்ணு தவறினா மழையில நிக்கணும்னு சொன்னேன். நோட்டீஸ் பின்பக்கம் எழுதிக்கிட்டாங்க. பஸ் நம்பர் கேட்டு அதையும் எழுதினாங்க. அவங்க வேட்பாளர் தோத்துட்டார். அந்தத் தாளை அப்புறம் யார்கிட்ட குடுத்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும் போல இருக்கு.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

என் அனுபவம் சிறியது: 2018இல் எங்கள் வட்டாரத்தில் கவுன்சிலருக்கு நின்ற ஒருவரை ஆதரித்து வேலை செய்துகொண்டிருந்தோம். பிரசாரம் நடுவில் இருக்கும்போதே மாகாண அரசு 47 வட்டாரங்களை 25 ஆக்கியது. அவர் ஒட்டிய சுவரொட்டியின் வட்டார எண்ணை அவரே நின்று கிழித்ததைப் பார்த்தேன்.

அதனால் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். மேயரை மட்டும் எடைபோடாதீர்கள். 2022இலிருந்து ரொறன்ரோ மேயருக்குப் பலத்த அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். வரவு செலவுத் திட்டத்தை முன்வைப்பது மேயர், சில தீர்மானங்களைத் தடுக்கலாம், மாகாணத்தின் முன்னுரிமை என்று வகுத்த விடயங்களில் மன்றத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஆதரவு இருந்தாலே துணைவிதி நிறைவேற்றலாம். ஆகவே வேட்பாளரிடம் "என்ன செய்வீர்கள்" என்பதோடு "அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவீர்களா" என்றும் கேளுங்கள். 2023இல் சோ பயன்படுத்த மாட்டேன் என்றார். இந்த முறை நிற்பவர்கள் ஒவ்வொருவரிடமும் அதே வாக்கைக் கேட்டு எழுதி வையுங்கள்.

இரண்டாவது, வாடகைக் கட்டுப்பாடு மாகாணத்தின் கையில் இருக்கிறது. மேயர் அதைச் சட்டமாக்க முடியாது. மேயரால் முடிந்தது நகரக் காணியில் கட்டுவது, பழைய கட்டிடங்களை வாங்கிக் கொடுப்பது, மாகாணத்தோடு போராடுவது. அக்காவின் கேள்வியை அப்படிக் கேட்டால் நழுவ முடியாது.

மூன்றாவது, முன்னாள் கவுன்சிலர் நின்றால் அவர் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தார் என்பது நகரின் இணையத்தளத்தில் இருக்கிறது. நோட்டீசை விட அது நம்பத்தக்கது. நான் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன் ரி.ரி.சி. (நகரின் பஸ், ரெயின் சேவை), வீடு, நூலகம் என்று மூன்று விடயங்களை எடுத்துப் பார்ப்பேன். ஒரு பின்னேரம் போதும்.

நான்காவது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பேஸ்மென்றில் இருப்பவர்கள் முகவரி சரியா என்றும் பாருங்கள். 2022இல் வாக்களித்தவர்கள் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. இது எனக்கு மிகவும் மனவருத்தமான விடயம்.

எக்ளின்ரன் கிழக்கு:

வாத்தியார் ஐயா, எல்லாம் சரி. பின்னேரம் முழுக்க இருந்து பாத்தாலும் கடைசியில ரெண்டு பேரில ஒருத்தருக்குத் தான் போடவேண்டி வருது எண்டதை நீங்கள் எழுதேல்லை.

எனக்கு குளோயி பிரவுண் எண்ட வேட்பாளரைத் தான் பிடிச்சது. 2022இலயும் அவவுக்குத் தான் போட்டனான், மூண்டாவதா வந்தவ. 2023இலயும் அவவுக்கே எண்டு இருந்தன். சாவடிக்கு வெளியால வரிசையில என்ர சிநேகிதி போனைக் காட்டினவ, கருத்துக்கணிப்பு. "உன்ர வாக்கை வீணாக்கப் போறியோ, ரெண்டாவது ஆள் வந்தால் உனக்குச் சம்மதமோ?" எண்டு கேட்டவ. எங்களுக்குப் பின்னால நிண்ட, முன்பின் தெரியாத அண்ணா ஒருத்தரும் திரும்பி "அவ சொல்லுறது சரி" எண்டார். உள்ளுக்க போய் நான் பேரை மாத்திப் போட்டன். வெளிய வந்து ரெண்டு பேரும் காருக்குள்ள ஒண்டுமே கதைக்கேல்லை.

விருப்பவரிசையில ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு போடுற முறையை லண்டன் ஒன்ராறியோ 2018இல செய்து காட்டினது. 2020இல மாகாணம் அதை எல்லா நகரத்துக்கும் தடை செய்திட்டுது. நூற்றிரண்டு பேர் நிண்ட தேர்தலுக்கு அது எவ்வளவு தேவை எண்டு யோசிச்சுப் பாருங்கோ. பேர்ச்மவுண்ட் அண்ணைக்கு ஒண்டு: சோவுக்கு 37 வீதம் எண்டு எழுதினியள். அந்த 37க்குள்ள மனசார முதலாவதா நினைச்சுப் போட்டவை எத்தினை பேர், மற்றவைக்குப் பயந்து போட்டவை எத்தினை பேர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பைலாவின்ர 32க்கும் அப்பிடித்தான்.

பேர்ச்மவுண்ட் வீட்டுக்காரன்:

தங்கச்சி, அதில நீங்கள் சொல்லுறது நியாயம். நானும் 2023இல முதலில மார்க் சோண்டர்சுக்கு எண்டு தான் இருந்தனான். ரொறன்ரோ பொலிஸ் தலைவரா இருந்தவர், ஃபோர்ட்டிண்ட ஆதரவும் இருந்தது. கணிப்புகளில கீழ போனவுடன பைலாவுக்கு மாறினன். வரி விசயத்தில மட்டும் என்ர கருத்து மாறாது. இந்த முறை இலக்கம் சொல்லுற ஆளுக்குத் தான்.

மல்வேர்ன் அக்கா:

வாத்தியார் ஐயா, பட்டியல் பாத்தன். என்ர பேரும் இவரின்ர பேரும் இருக்கு. மகனுக்கு போன வருசம் 18, அவன்ர பேரைக் காணேல்லை. இண்டைக்கு இரவு அவனை இருத்திப் பதிவிக்கிறன். வாடகைக் கேள்வியை நீங்கள் சொன்ன மாதிரித் திருப்பி எழுதியும் வைச்சிட்டன், நகரக் காணி எத்தினை, எந்த இடம் எண்டு. கதவைத் தட்டுற ஆக்கள் மேல கேட்டிட்டுப் போகாமல் இருக்க, பக்கத்து வாசலில எங்கட மணியையும் பொருத்தியாச்சு.