இரண்டு முறை எழுதினேன், இரண்டு வகை வந்தது: ஆளுமைச் சோதனையை எந்த அளவுக்கு நம்பலாம்?

கூடல்நகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 7 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கடந்த மார்ச் மாதம் எங்கள் பிரிவில் 22 பேருக்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு நடந்தது. அதில் மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமை வினாத்தாளை எல்லாரும் நிரப்பினோம். மொத்தம் 93 கேள்விகள். ஒவ்வொன்றிலும் இரண்டு விடைகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், இடையில் நிற்க வழியே கிடையாது. எனக்கு ஐ.எஸ்.டி.ஜே. என்ற வகை வந்தது. நான்கு எதிரெதிர் இணைகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எழுத்து, இப்படி மொத்தம் 16 வகைகள்; முதல் எழுத்து ஐ என்றால் அகமுகம், ஈ என்றால் புறமுகம். பயிற்சியாளர் மதிப்பெண் தாளைத் தம்மிடமே வைத்துக்கொண்டு நான்கு எழுத்துகளை மட்டும் ஒரு அட்டையில் எழுதித் தந்தார். பிறகு அகமுகர்கள் (தனிமையை விரும்புகிறவர்கள்) ஜன்னல் பக்கமும் புறமுகர்கள் (ஆட்களோடு பழக விரும்புகிறவர்கள்) கதவுப் பக்கமுமாகப் போய் நிற்கச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றதும், தினமும் என்னோடு சாப்பிடுகிறவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் நியாயம் இருந்தது.

அன்றோடு அது முடிந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். மே மாதம் வாடிக்கையாளரோடு வாரந்தோறும் பேசும் பொறுப்புக்கு ஆள் தேடியபோது, "நீங்கள்தான் அகமுகர் ஆயிற்றே, உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்" என்று என் குழுத்தலைவர் அக்கறையாகவே சொல்லி, வேறொருவரிடம் அதை ஒப்படைத்துவிட்டார். அன்றிரவே வீட்டில் கைப்பேசியில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 16 வகைச் சோதனை ஒன்றை எழுதிப் பார்த்தேன். இம்முறை ஈ.என்.டி.ஜே. வந்தது. அந்தத் தளம் விழுக்காட்டையும் காட்டியது: புறமுகம் 53, அகமுகம் 47.

இரண்டு மாதத்தில் நான் வேறு ஆளாகிவிட்டேனா, அல்லது சோதனையில் கோளாறா? நான் உண்மையில் எந்த வகை என்பதை எப்படித்தான் தெரிந்துகொள்வது?

பழைய கரும்பலகை

அம்மா, கல்லூரியில் உளவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தாங்களும் மாறவில்லை, சோதனையும் தன் இயல்புக்கு மாறாக எதையும் செய்துவிடவில்லை. அதன் அமைப்பே அப்படிப்பட்டது.

முதலில் அது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் ஆளுமை வகைகள் பற்றித் தமது நூலை வெளியிட்டார். அமெரிக்காவில் கேத்தரின் குக் பிரிக்ஸ் என்ற பெண்மணி அதற்கு முன்பே மனிதர்களை வகைப்படுத்தும் முயற்சியில் இருந்தார். தம் மகள் இசபெல் மணக்கவிருந்த இளைஞர் குடும்பத்தில் எல்லாரையும் விட வேறு மாதிரி இருந்ததைக் கண்டு, அவரைப் புரிந்துகொள்ளும் ஆர்வத்தில் தொடங்கியது அது என்று சொல்வார்கள். மருமகனைப் புரிந்துகொள்ள ஒரு மாமியார் இவ்வளவு மெனக்கெட்டதாக நான் வேறெங்கும் படித்ததில்லை. யுங்கின் நூல் ஆங்கிலத்தில் வந்ததும் தாயும் மகளும் அதைத் தழுவிக்கொண்டார்கள். மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் படித்தது அரசியல் அறிவியல். துப்பறியும் நாவல் எழுதிப் பரிசும் பெற்றவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வேலைக்கு வரும் மக்களுக்குப் பொருத்தமான பணியைக் கண்டுபிடிக்க உதவும் என்ற எண்ணத்தில் அவர்தாம் இந்த வினாத்தாளை உருவாக்கத் தொடங்கினார். கடைசி எழுத்தாக வரும் ஜே-பி இணை (முன்கூட்டியே திட்டமிடுவதா, போகிற போக்கில் செய்வதா என்பது) யுங்கிடம் தனியாக இல்லை. அது இவர்கள் சேர்த்தது.

இனித் தங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு ஊரில் எல்லாருடைய உயரத்தையும் அளந்து, 165 சென்டிமீட்டருக்கு மேலிருப்போர் நெட்டையர், கீழிருப்போர் குட்டையர் என்று அட்டை மாட்டிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 164 உள்ளவரும் 166 உள்ளவரும் வெவ்வேறு வகையாகிவிடுவார்கள்; 164 உள்ளவரும் 148 உள்ளவரும் ஒரே வகையாகிவிடுவார்கள். காலணியைக் கழற்றாமல் நின்றாலே ஒருவருடைய வகை மாறிவிடும். அகமுகம், புறமுகம் ஆகியவற்றின் மதிப்பெண்களும் உயரத்தைப் போலத்தான் பரவியிருக்கின்றன. மக்களில் பெரும்பாலோர் நடுவில் குவிந்திருக்கிறார்கள். இரு முனைகளிலும் கொஞ்சம் பேரே இருக்கிறார்கள். இரண்டு வகைகள் என்று ஒன்று உண்மையிலேயே இருந்தால் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் முதுகில் இருப்பதுபோல இரண்டு திமில்கள் தெரிய வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்த்தார்கள். ஒரே திமில்தான் தெரிந்தது. தாங்கள் 53-ல் நிற்கிறீர்கள், அதாவது அந்தத் திமிலின் உச்சிக்கு அருகில். அங்கே நிற்பவருக்கு எழுத்து மாறாவிட்டால்தான் வியப்பு.

1993-ல் டேவிட் பிட்டெஞ்ஜர் என்பவர் இந்தச் சோதனை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். ஐந்தே வார இடைவெளியில் மறுபடி எழுதியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வகை மாறியிருந்தது என்பது அதில் வரும் செய்தி.

இன்னொன்றையும் கவனியுங்கள். மார்ச்சில் எழுதியதும் மே மாதத்தில் எழுதியதும் ஒரே சோதனை அல்ல. இலவசத் தளங்கள் எழுத்துகளை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு கேள்விகளைத் தாமே எழுதிக்கொள்கின்றன. இரண்டு தையல்காரர்கள் இரண்டு நாடாவால் அளந்தால் இரண்டு அளவு வரத்தான் செய்யும்.

வாய்ப்பாடு

மேலே சொன்ன பாதிக் கணக்குக்கு ஒரு சிறு குறிப்பு. ஒவ்வொரு எழுத்தும் மறுமுறை மாறாமல் இருக்க 100-க்கு 85 வாய்ப்பு உண்டு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நான்கும் சேர்ந்து மாறாமல் இருக்க வேண்டுமானால் 0.85-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும், விடை 0.52. தனித்தனியாகப் பார்த்தால் நன்றாகத் தெரியும் அளவுகோல், நான்கையும் ஒட்டி ஒரு வகையாக்கியதும் பூவா தலையா அளவுக்கு இறங்கிவிடுகிறது. எனவே அட்டையில் எழுதித் தந்ததை விட, பயிற்சியாளர் தம்மிடம் வைத்துக்கொண்ட தாளில்தான் உங்களுக்குப் பயன்படும் செய்தி இருந்தது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

திண்ணைவாசி

நண்பர்களே, எனக்கு இதில் வேறொரு சந்தேகம் உண்டு. வகை மாறினாலும், வந்த ஒவ்வொரு வகையும் "அப்படியே என்னைப் பற்றி எழுதியதுபோல இருக்கிறதே" என்று ஏன் தோன்றுகிறது? கேள்வி கேட்டவருக்கும் இரண்டு வகை விளக்கங்களும் பொருந்தியே தோன்றியிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆளுமை பற்றிய குறிப்பு என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. கொடுத்தது அத்தனையும் ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களைக் கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து அவர் பொறுக்கி எடுத்திருந்தார்.

இதைப் படித்துவிட்டு நானும் சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது செய்து பார்த்தேன். "வெளியில் உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில முடிவுகளை நினைத்துக் குழம்புகிறவர் நீங்கள், உங்களிடம் இன்னும் வெளிப்படாத திறமை நிறைய இருக்கிறது" என்கிற பாணியில் ஆறு வரி எழுதி, உறவினர் ஐவரிடம் பெயரை மட்டும் மாற்றித் தனித்தனியே கொடுத்தேன். நால்வர் உடனே ஒப்புக்கொண்டார்கள். என் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் முறை படித்தார். "என் சாதகத்தில்கூட இவ்வளவு சரியாக எழுதவில்லையடா" என்றார். ஐந்தாவது ஆள் என் அத்தை. அவர் மட்டும் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருக்குத்தான் பொருந்தாது?" என்று கேட்டார்.

16 வகை விளக்கங்களைப் படித்துப் பாருங்கள். எந்த வகைக்காவது கஞ்சன், சோம்பேறி, பொறாமைக்காரன் என்று எழுதியிருக்கிறதா? எல்லாருமே ஏதோ ஒரு வகையில் அரியவர்கள். அப்படிப்பட்ட சட்டை எல்லாருக்கும் பொருந்தத்தான் செய்யும்.

இரண்டாம் மாடி

நான் மனிதவளப் பிரிவில் பணியாற்றுகிறேன். இத்தகைய வகுப்புகளை நானே ஏற்பாடு செய்தும் இருக்கிறேன். எனவே என் கருத்தில் கொஞ்சம் சார்பு இருக்கலாம். சோதனை முற்றிலும் வீண் என்று திண்ணைவாசி ஐயா சொல்வதை நான் ஏற்கவில்லை. ஃபோரரின் தாள் எல்லாருக்கும் ஒன்று. இங்கே கேள்விக்கு அளித்த விடைகளுக்கேற்பத்தான் முடிவு வருகிறது. "ஆட்களைச் சந்தித்தால் களைப்பாகிறது" என்று இருபது கேள்விகளில் சொன்னவரிடம் "நீங்கள் அகமுகர்" என்று சொல்வது புதிய கண்டுபிடிப்பு இல்லைதான், ஆனால் பொய்யும் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் இருவர் இருந்தார்கள். ஒருவர் வேலை வந்த அன்றே அட்டவணை போட்டுவிடுவார். மற்றவர் கடைசி இரண்டு நாட்களில் உட்கார்ந்து அருமையாக முடிப்பார். முன்னவர் பின்னவரைப் பொறுப்பற்றவர் என்றே மூன்று ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தார். ஜே, பி என்ற இரண்டு எழுத்துகள் கிடைத்த பிறகு, அதுவரை குற்றச்சாட்டாக மட்டுமே இருந்ததை அவர்களால் சிரித்துக்கொண்டே பேச முடிந்தது. என் பார்வையில் இந்தச் சோதனையின் பயன் அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் குழுத்தலைவர் செய்தது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆளெடுப்பதற்கோ பணியை ஒதுக்குவதற்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்தச் சோதனையை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள். எந்தப் பக்கம் விருப்பம் என்பதைத்தான் அது கேட்கிறது. எந்த வேலையில் திறமை என்பதைக் கேட்பதே இல்லை. இடது கையால் எழுத விரும்புகிறவருக்குக் கையெழுத்து அழகாக இருக்குமா என்று அதிலிருந்து எப்படிச் சொல்ல முடியும்? அவரிடம் நேரில் பேசுங்கள். சோதனை பற்றி விவாதிப்பதை விட, கடந்த ஓராண்டில் வாடிக்கையாளரோடு நீங்கள் பேசித் தீர்த்த இரண்டு மூன்று சிக்கல்களைச் சொல்வது அவரிடம் எளிதாக எடுபடும்.

கூடல்நகர்

எல்லாருக்கும் நன்றி. திண்ணைவாசி ஐயா பந்தயத்தில் வென்றுவிட்டார். இரண்டு விளக்கங்களையும் படித்துவிட்டு இரண்டுக்கும் தலையாட்டியவள்தான் நான். ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. வகை பிரிக்காமல் அளந்து மட்டும் சொல்லும் சோதனை ஏதேனும் உண்டா?

பழைய கரும்பலகை

உண்டு. ஆராய்ச்சியாளர்கள் இன்று பெரும்பாலும் பயன்படுத்துவது ஐந்து காரணி முறைதான். அது பிறந்த கதையே வேறு. 1936-ல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் ஓர் ஆங்கில அகராதியை முதலிலிருந்து கடைசிவரை அலசி, மனிதரை மனிதரிடமிருந்து வேறுபடுத்திச் சொல்லும் சொற்கள் 17,953 என்று பட்டியலிட்டார்கள். ஒன்றோடொன்று சேர்ந்து வரும் சொற்களைப் புள்ளியியல் வழியில் தொகுத்துக்கொண்டே வந்து, பலர் கைப்பட்ட பிறகு ஐந்து குவியல்கள் நிலைத்தன: புதியவற்றுக்கு மனம் திறந்திருத்தல், பொறுப்பும் ஒழுங்கும், புறமுகம், இணக்கம், மனக்கலக்கம். மையர்ஸ்-பிரிக்ஸின் நான்கு இணைகளும் இவற்றில் நான்கோடு ஓரளவு ஒத்துப்போகின்றன என்று 1989-ல் மெக்ரேயும் காஸ்டாவும் காட்டினார்கள். அதில் இல்லாதது மனக்கலக்கம் மட்டும்தான். யாரும் தம்மைப் பற்றிக் கேட்க விரும்பாத செய்தியும் அதுதான்.

யாரும் காசின்றிப் பயன்படுத்துமாறு பொதுவில் வைக்கப்பட்ட 120 கேள்விகள் கொண்ட வடிவம் ஒன்று இருக்கிறது. 2014-ல் ஜான் ஜான்சன் வெளியிட்டது. எழுத்து எதுவும் வராது. ஒவ்வொன்றிலும் மற்றவர்களோடு ஒப்பிடும்போது எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் சொல்லும். இதுவும் தாம் தம்மைப் பற்றிச் சொல்வதையே திருப்பிச் சொல்லும் கருவிதான் என்பதை மறந்துவிட வேண்டாம். அதனால், தங்களை நன்றாக அறிந்த ஒருவரிடம் அதே கேள்விகளைக் கொடுத்துத் தங்களைப் பற்றி விடையளிக்கச் சொல்லுங்கள். ஆராய்ச்சியிலும் அப்படிச் செய்வது வழக்கம்.

கூடல்நகர்

ஐயா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். விருந்துகளில் பலரோடும் பேசுவேன் என்று ஒரு வாக்கியம் வந்ததும் கை நின்றுவிட்டது. அலுவலக விருந்து என்றால் தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவேன்; கல்யாண வீடு என்றால் பந்தி முடிவதற்குள் மண்டபத்தில் ஒருவர் விடாமல் விசாரித்துவிடுவேன். எதை நினைத்து விடை சொல்வது என்று தெரியாமல் நடுவில் இருந்ததைத் தொட்டுவிட்டு நகர்ந்தேன். மார்ச்சில் ஜன்னல் பக்கம் போய் நின்றதும் இப்படி ஏதோ ஒரு கேள்வியில் அலுவலகத்தை நினைத்துக்கொண்டதால்தான் இருக்க வேண்டும்.

பிறகு அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்து, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக் கேட்டேன். பதினைந்தாவது கேள்வி வரை பொறுமையாகப் பதில் சொன்னார். முன்பின் தெரியாதவர்களிடம் நான் பேசத் தயங்குவேனா என்று கேட்டதும், "மதுரையிலிருந்து பேருந்து ஏறினால் விழுப்புரத்துக்குள் பக்கத்து இருக்கைக்காரியின் மகளுக்கு வரன் பார்த்துவிடுகிறவள், இதையா என்னிடம் கேட்கிறாய்?" என்றார். அதே கேள்விக்கு நான் எனக்குப் போட்டிருந்தது, 'ஓரளவு தயங்குவேன்'. இரண்டு தாள்களும் இப்போது மேசைமேல் இருக்கின்றன. புதன்கிழமை குழுத்தலைவரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன்.