தோட்டத்து வாசிகசாலைகளின் பழைய பதிவேடுகள் யாரிடமாவது இருக்கின்றனவா?

உறவுகளே, வணக்கம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இயங்கிய வாசிகசாலைகளை (படிப்பகங்களை)ப் பற்றி ஆய்வு செய்கிறேன். ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கத்து நண்பர்களின் உதவி எனக்குத் தேவை.

தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் நடத்திய தேசபக்தன் பத்திரிகை, அவர் மனைவி மீனாட்சியம்மையின் பாட்டுப் பிரசுரங்கள், பின்னாளில் வந்த தீர்த்தக்கரை, கொழுந்து சஞ்சிகைகள் ஆகியவற்றைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவற்றை லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில், யார் வாசித்தார்கள்? எழுத்தறியாதவர்களுக்கு யார் உரக்கப் படித்துக் காட்டினார்கள்? இதுதான் என்னை உறங்கவிடாத கேள்வி. என் தாத்தா பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில்) பேப்பர் படிக்கக் கேட்டே வளர்ந்தவர். அவரிடம் விரிவாகக் கேட்டு எழுதாமல் விட்டுவிட்டேன்.

அங்கத்தவர் பதிவேடு, இரவல் கொடுத்த கொப்பி, முத்திரை குத்திய புத்தகம், ஒரு புகைப்படம் என்று எது இருந்தாலும் சொல்லுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. நம் மலைப் பனியும் ஈரமும் காகிதத்தை விட்டுவைப்பதில்லை. தயவுசெய்து பழைய பெட்டிகளை இப்போதே திறந்து பாருங்கள். நானே வீட்டுக்கு வந்து படமெடுத்துக்கொள்கிறேன், மூலப்பிரதி உங்களிடமே இருக்கும். நீங்கள் சம்மதித்தால், இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் 'நூலகம்' இணையத்தளத்திலும் சேர்க்கக் கேட்கலாம்.

பொருள் எதுவும் இல்லாவிட்டாலும், வாசிகசாலைக்குப் போன பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அறியத்தாருங்கள். குறிப்பாக, அங்கே போன பெண்கள்.