டிராக் டே காருக்கு எண்: கழற்றுகிற மாதிரி வைக்கவா, ஒரேயடியாக ஒட்டிவிடவா?

வெள்ளை_போலோ கேட்டது:

வணக்கம் மக்களே. என்னிடம் இருப்பது வெள்ளை போலோ ஜிடி டிஎஸ்ஐ. வார நாட்களில் ஓஎம்ஆரில் ஆபீஸ் போய்வருவதும் இதில்தான், இருங்காட்டுக்கோட்டை டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டவிடுகிற நாளுக்கு, போவதும் இதில்தான். இதுவரை அங்கே போனபின் தருகிற எண்ணை டேப்பில் வெட்டி டோரில் ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, வெயிலில் ஓரம் வேறு சுருண்டுகொள்கிறது. இனி ஒழுங்காக ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறேன்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரித்தால் ஒரு கடைக்காரர் "நல்ல வினைல் ஸ்டிக்கரா ஒட்டிடுங்க சார், அஞ்சு வருஷம் அசையாது" என்கிறார். அசையாமல் இருப்பதுதான் எனக்குப் பயமே. நண்பன் ஒருவன் காந்த ஷீட் வாங்கு என்கிறான். இன்னொருவன் டோர் கண்ணாடியில் ஒட்டிக்கொள், பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது என்கிறான். ரோட்டில் எண்ணோடு போனால் போலீஸ் நிறுத்துவார்களா என்பதும் ஒரு கேள்வி, ஏனென்றால் 2024 மே மாதம் சென்னையில் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளையெல்லாம் பிடித்தார்கள் அல்லவா.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கத்தரி_வினைல் பதில்:

ப்ரோ, நான் ஸ்டிக்கர் வெட்டுகிற தொழிலில்தான் இருக்கிறேன். அந்தக் கடைக்காரர் சொன்ன அஞ்சு வருஷம் வினைலுக்குக் கணக்கு, உங்கள் பெயிண்டுக்கு இல்லை.

வினைல் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இரண்டு சாதி உண்டு. உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துச் செய்வது கேலண்டர்ட், ஊற்றிக் காயவைத்துச் செய்வது காஸ்ட். இழுத்துச் செய்தது வெயில் பட்டால் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், அதாவது சுருங்கும். ஒரு வருடம் வெளியே நின்ற ஸ்டிக்கரின் ஓரத்தைப் பாருங்கள், சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் கறுப்புக் கோடு தெரியும். அது வினைல் பின்வாங்கிய இடத்தில் வெளியே நின்ற பசை, அதில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். காஸ்ட் இப்படிப் பெரிதாகச் சுருங்காது, டோரில் இருக்கிற மடிப்புக்கோட்டிலும் படிந்து நிற்கும், விலைதான் கூடுதல்.

அடுத்தது பசை. நிறைய பேர் கேட்டு வாங்குவது ஓராகல் கம்பெனியின் 651 என்ற வினைல். அதன் பசை நிரந்தர வகை, கழற்றலாம், ஆனால் பொறுமை வேண்டும். அதே கம்பெனியின் 631 கழற்றுகிற பசை, ஆனால் அது கண்காட்சிச் சுவருக்கென்று செய்தது. காரில் ஒரு வார இறுதிக்கு ஒட்டிவிட்டு எடுத்தால் சுத்தமாக வரும், மழையில் ஓடினால் ஓரம் தூக்கும். இன்னொரு விஷயம், "கழற்றக்கூடியது" என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சென்னை மே மாத வெயிலில் பானெட்டில் மாதக்கணக்கில் விட்டால் அதுவும் நிரந்தரம்தான். எந்த வினைல் என்பதைவிட எத்தனை நாள் வெயிலில் நிற்கப்போகிறது என்பதுதான் கேள்வி.

உங்களுக்கு ஒரு வசதி, கார் வெள்ளை. பின்னணிக்குத் தனியாக வெள்ளைக் கட்டம் வேண்டாம், கறுப்பு எண்ணை மட்டும் வெட்டினால் போதும். சிவப்புக் கார்க்காரர்களுக்கு இருக்கிற கஷ்டமும் இல்லை. சிவப்பில் எண்ணை எடுத்த பிறகும், சுற்றியிருக்கும் பெயிண்ட் மங்கி, எண் இருந்த இடம் மட்டும் புதிதாகத் தெரியும். பாலிஷ் போட்டாலும் லேசில் போகாது.

எடுக்கும்போது காலை நேரம், நிழல், ஹேர் டிரையர். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிற அளவுக்குச் சூடு போதும். மேல்நோக்கித் தூக்காமல், வினைலை அதன் மேலேயே மடித்தமாதிரி பெயிண்டை ஒட்டி மெதுவாக இழுங்கள். மீதிப் பசைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். தின்னர் பக்கமே போகாதீர்கள்.

---

கொடிக்காரன் பதில்:

தம்பி, நான் டிராக் ஓரத்தில் கொடி காட்டுகிற மார்ஷலாக நிற்கிறவன். எல்லாரும் பசையைப் பற்றியே பேசுகிறீர்கள், எண் எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை.

உங்கள் காருக்கு அடியில் ஆயில் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் வாக்கிடாக்கியில் எண்ணைச் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு ஸ்டார்ட் கோட்டில் இருப்பவர் கறுப்பில் ஆரஞ்சு வட்டம் போட்ட கொடியோடு (வண்டியில் கோளாறு, உள்ளே வா என்று அர்த்தம்) அந்த எண்ணை எழுதிக் காட்ட வேண்டும். டிராக்கில் அன்றைக்கு வெள்ளை போலோ நான்கு இருக்கும். நீங்கள் என்னைக் கடப்பது கண் மூடித் திறக்கிற நேரம், அதற்குள் படிக்க முடியாத எண் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ சொல்கிற அளவு 28 செ.மீ. உயரம், கோட்டின் தடிமன் 5 செ.மீ. டிராக் டேக்கு அவ்வளவு யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் அந்தப் பக்கமாகவே இருங்கள். சாய்ந்த எழுத்து, நிழல் வைத்த எழுத்து, குரோம் எல்லாம் வேண்டவே வேண்டாம். சில ஸ்டைலான எழுத்துருவில் 3க்கும் 8க்கும் வித்தியாசமே தெரியாது, 1ம் 7ம் அப்படித்தான். மேட் கறுப்பு நல்லது, பளபளப்பு வெயிலில் கண்ணைக் கூசவைக்கும்.

கண்ணாடியில் ஒட்டச் சொன்ன நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: டிராக் டேயில் முன் டோர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டச் சொன்னால் எண் எங்கே போகும்? டோருக்குள் போய்விடும். நிறைய இடங்களில் அதுதான் விதி, ஏதாவது ஆனால் கையை விட்டு ஆளை வெளியே இழுக்க வேண்டும். பின் டோர் கண்ணாடி என்றால் சரி, ஆனால் அங்கே உள்ளே இருட்டு, கறுப்பு எண் தெரியாது, வெள்ளைதான் போட வேண்டும்.

---

செட்டிபாளையம்_சுவிஃப்ட் பதில்:

நமக்கு கோவை கரி ஸ்பீட்வேதான் பக்கம். நான் காந்தக் கட்சி. ரோட்டில் எண் இல்லாமல் போகிறேன், உள்ளே போனதும் ஒட்டுகிறேன், முடிந்ததும் டிக்கியில் போட்டுக்கொண்டு வருகிறேன். மூன்று நிமிஷ வேலை.

காந்தத்துக்கு எதிரி தூசி. டோரை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, ஷீட்டின் பின்பக்கத்தையும் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி அதிரும்போது நடுவில் மாட்டிய மணல் கிளியர் கோட்டில் (பெயிண்டுக்கு மேல் இருக்கிற பளபளப்புப் பூச்சு) உப்புக் காகிதம் தேய்த்த வேலையைப் பார்த்துவிடும். வைத்த பிறகு நகர்த்தக் கூடாது, இடம் தப்பினால் தூக்கி மறுபடி வையுங்கள். இரவு முழுக்க விடாதீர்கள், உள்ளே ஈரம் தங்கும். சுருட்டியும் வைக்காதீர்கள், வளைவு விழுந்துவிட்டால் அப்புறம் தட்டையாக உட்காராது.

காற்று புகுவது முன் ஓரத்தில்தான். அந்த ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழ் வரை ஒரு டேப் போட்டு அடைத்துவிடுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டச் சொல்லுங்கள், கூர் மூலைதான் முதலில் தூக்கும். டோரில் மடிப்புக்கோடு ஓடுகிற இடத்தில் காந்தம் நிற்காது, கோட்டுக்குக் கீழே தட்டையான இடம் பாருங்கள். பானெட்டில் காந்தம் வைக்கவே வைக்காதீர்கள், பறந்தால் பின்னால் வருகிறவன் கண்ணாடியில்தான் போய் அடிக்கும்.

டோரில் ஓரிடத்தில் மட்டும் காந்தம் பிடிக்கவில்லை என்றால் அடிபட்ட பள்ளத்தை நிரப்ப உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள். பழைய கார் வாங்கும்போது "ஒரு கீறல்கூட இல்ல சார்" என்ற புரோக்கரை அப்போது நினைத்துக்கொள்ளலாம்.

---

ட்ரெய்லர்_மாமா பதில்:

எதிர்க்கட்சியும் வேண்டும் இல்லையா. என் கார் ரோட்டில் ஓடுவதில்லை, ட்ரெய்லரில் ஏறி டிராக்கில் இறங்குகிறது, மீதி நாள் ஷெட்டில். நான் காஸ்ட் வினைலில் ஒரேயடியாக ஒட்டிவிட்டேன், அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. போட்டிக்கு வருகிறவருக்கு சீசன் முழுக்க ஒரே எண் என்றால் இதுதான் நிம்மதி, காலையில் வண்டியைச் சோதிக்கிற ஸ்க்ரூட்டினி வரிசையில் நின்றுகொண்டு டேப் வெட்டுகிற பாடு இல்லை.

ஆனால் வெள்ளை_போலோ, உங்கள் எண் உங்களுடையதா? போன இடத்தில் கொடுக்கிற எண் என்கிறீர்கள். இன்றைக்கு 14, அடுத்த முறை 31 என்றால் நிரந்தரமாக எதை ஒட்டுவீர்கள்? ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டு ஒரே எண்ணை வாங்க முடிகிறதா என்று பாருங்கள். அது முடியாதவரை வினைல் பேச்சே எடுக்க வேண்டாம்.

போலீஸ் விஷயம்: 2024இல் பிடித்தது 'பிரஸ்', 'போலீஸ்', 'வக்கீல்' என்று சம்பந்தமில்லாமல் ஒட்டியவர்களையும் நம்பர் பிளேட்டில் கண்டதை ஒட்டியவர்களையும். டோரில் 27 என்று இருப்பது அந்தக் கணக்கில் வராது. ஆனால் கண்ணில் படும், நிறுத்துவார்கள், நிறுத்தினால் எக்ஸாஸ்ட் என்ன, டயர் என்ன என்று பேச்சு நீளும். கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் வம்பு, 2012இல் சுப்ரீம் கோர்ட் கறுப்பு ஃபிலிமைத் தடை செய்ததிலிருந்து கண்ணாடியில் எது இருந்தாலும் ஒரு கேள்வி வரும்.

---

வெள்ளை_போலோ பதில்:

எல்லாருக்கும் நன்றி. எண் என்னுடையது இல்லை, ஒவ்வொரு முறையும் மாறுகிறது, அதனால் நிரந்தரம் அடிபட்டுப்போனது. காந்தம் என்று முடிவு செய்து, வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்துப்போய்ப் பார்த்தேன். வலது டோரில் பிடிக்கிறது. இடது டோரில் கீழ்ப்பாதியில் வழுக்கி விழுகிறது! இன்ஷூரன்சில் அந்த டோருக்குப் பெயிண்ட் அடித்தது தெரியும், பட்டி இவ்வளவு இருக்கும் என்று தெரியாது. இடது பக்கத்துக்கு மட்டும் என்ன செய்வது? அங்கே வினைல் ஒட்டி எடுத்தால் பெயிண்ட் வந்துவிடுமா?

---

கத்தரி_வினைல் பதில்:

வர வாய்ப்பு அதிகம் ப்ரோ. கம்பெனி பெயிண்டைப் பற்றிக் கவலை இல்லை, வெளியே பட்டி பூசி அடித்ததில்தான் ஸ்டிக்கரோடு கிளியர் கோட்டும் உரிந்து வரும். அந்த டோரில் பசை வினைல் வேண்டாம்.

இடது பக்கத்துக்குப் பின் டோரைப் பாருங்கள், அங்கே காந்தம் பிடித்தால் எண்ணை அங்கே வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை, தெரிந்தால் போதும். அதுவும் பிடிக்காவிட்டால் நீல நிற பெயிண்டர் டேப், டிராக் முடிந்த அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். கரண்டுக்குச் சுற்றுகிற இன்சுலேஷன் டேப் வேண்டாம், இழுத்து ஒட்டினால் திரும்பச் சுருங்கி, பிசுபிசுப்பை மட்டும் டோரில் விட்டுவிடும்.

காந்த ஷீட்டில் எண்ணை அச்சடிக்காதீர்கள். வெறும் வெள்ளை ஷீட் வாங்குங்கள், மேலே 631இல் கறுப்பு எண்ணை வெட்டித் தருகிறேன். எண் மாறினால் ஷீட்டில் இருந்து உரித்துப் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம், காருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 0 முதல் 9 வரை பக்கத்துக்கு ஒரு செட், 11, 22 மாதிரி வந்தால் என்ன செய்வது என்பதால் இரண்டு செட்டாகவே வெட்டிவிடலாம். டோரில் தட்டையான இடம் எத்தனை செ.மீ. அகலம், எத்தனை உயரம் என்று அளந்து போடுங்கள்.