தலையில் கோடும் புள்ளியும் உள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்த அனுபவங்கள்

கோடும்புள்ளியும் எழுதியது:

ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு. பெயரட்டைகளை அச்சடித்து வரவேற்பு மேசையில் அடுக்குவது எங்கள் குழுவின் பொறுப்பு. பெயர்ப் பட்டியல் பதிவு மென்பொருளிலிருந்து நேராக அச்சுக்குப் போய்விட்டது. பிரெஞ்சுப் பேராசிரியை ஒருவர் வந்தார். அவர் பெயரில் மேல்கோடு போட்ட ஆங்கில 'இ' (é) இரண்டு இடத்தில் வரும். அட்டையில் அந்த இரண்டு இடத்திலும் ஆங்கில 'ஏ'க்கு மேல் ஒரு அலைக்கோடு (Ã), பக்கத்தில் வட்டத்துக்குள் 'சி'. அவர் ஒன்றுமே சொல்லவில்லை. மேசையில் கிடந்த பேனாவை எடுத்தார், அச்சடித்ததை அடித்தார், அதன் மேலே தன் பெயரை எழுதினார். கடைசியாகத்தான் அந்த இரண்டு கோடுகளையும் போட்டார். நன்றாக அழுத்திப் போட்டார்.

அவருக்கு அது பழகிப்போன வேலை என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கும் இந்த எழுத்துகளோடு ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

எனக்கு நடந்தது ஒரு விண்ணப்பப் படிவத்தில். நண்பருக்காக நிரப்பிக்கொண்டிருந்தேன், எட்டுப் பத்துப் பக்கம் நீளும் படிவம். கடைசிப் பக்கத்தில் அவர் படித்த கல்லூரியின் பெயர். அதில் கூரைக்குறி போட்ட 'ஓ' உண்டு. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண் விசைப்பலகையில் 0244 அடித்தால் அது வரும். எனக்கு மனப்பாடம். முதல் 4-ஐத் தொட்டதும் திரை வெள்ளையாகி முந்தைய பக்கம் வந்து நின்றது. இரண்டாவது 4-இல் அதற்கும் முந்தைய பக்கம். நிரப்பியது எல்லாம் போச்சு.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த மடிக்கணினியில் எண் விசைகளை எண்ணாக இயங்க வைக்கும் 'நம் லாக்' (Num Lock) அணைந்திருந்தது, அதைக் காட்ட விளக்கும் கிடையாது. நம் லாக் இல்லாதபோது 4 என்பது இடது அம்பு. ஆல்ட்டோடு இடது அம்பு என்றால் உலாவிக்கு 'பின்னால் போ' என்று கட்டளை. நண்பர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "பரவாயில்லை, கோடு இல்லாமலே போடுங்க" என்றார். எனக்கு மனசு வரவில்லை. மறுபடி முதலிலிருந்து நிரப்பி, அந்த எழுத்தை வேறொரு பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினேன்.

சாளரம் எழுதியது:

இரவுப்பணி, ஆல்ட் எண்களை இன்னும் மனப்பாடம் செய்கிறீர்களா! எனக்குப் பெரிய கதை எதுவும் இல்லை. ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த புதிதில் இரண்டு புள்ளி போட்ட 'யு'வுக்குப் பதில் வெறும் 'யு' போட்டு வீட்டுப்பாடம் அனுப்பினோம், ஆசிரியர் எல்லாருடையதையும் திருப்பிவிட்டார். அவ்வளவுதான்.

ஆனால் வழி ரொம்ப எளிது, எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் அமைப்புகளில் மொழி என்ற பகுதிக்குப் போங்கள். ஆங்கிலத்துக்குள் நுழைந்து விசைப்பலகை சேர்க்கும் இடத்தில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக எதையும் தரவிறக்க வேண்டாம், உள்ளேயே இருக்கிறது. இனி ஒற்றை மேற்கோளை அடித்துவிட்டு 'இ' அடித்தால் மேல்கோடு போட்ட 'இ' வந்துவிடும். இரட்டை மேற்கோளுக்குப் பிறகு 'யு' என்றால் இரண்டு புள்ளி. அலைக்கோட்டுக் குறிக்குப் பிறகு 'என்' என்றால் ஸ்பானிய 'என்'. ஒற்றை மேற்கோளுக்குப் பிறகு 'சி' அடித்தால் வால் போட்ட பிரெஞ்சு 'சி'. வெறும் மேற்கோள் குறியே வேண்டுமென்றால் அதை அடித்துவிட்டு இடைவெளி விசையைத் தட்டுங்கள். வலப்பக்க ஆல்ட்டைப் பிடித்து 'எஸ்' அடித்தால் ஜெர்மன் இரட்டை எஸ். இதே ஆல்ட்டோடு மேல்கோட்டு 'இ', ஸ்பானிய 'என்' இரண்டும் நேராகவே வரும். இரண்டு நாள் பழகினால் கை தானாகப் போகும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். 2011-இல் வந்த லயன் பதிப்பிலிருந்தே, எழுத்தை அழுத்திப் பிடித்தால் மேலே ஒரு பட்டியல் எட்டிப்பார்க்கும், எண்ணைத் தட்டினால் முடிந்தது. ஆப்ஷன் விசையோடு 'இ' தட்டி, விட்டுவிட்டு, மறுபடி 'இ' தட்டினாலும் சரி.

எண்களைத் தூக்கிப் போடுங்கள்.

பைட் எழுதியது:

சாளரம், உங்கள் 'எளிய வழி' நிரல் எழுதுபவர்களுக்கு நரகம். இரட்டை மேற்கோள் போட்டு ஒரு சொல்லைத் தொடங்குவதுதான் எங்கள் நாள் முழுவதும் வேலை. அந்தச் சொல் 'ஏ'யில் தொடங்கினால் மேற்கோளும் போய், எழுத்துக்கு மேல் இரண்டு புள்ளி வந்து உட்காரும். லினக்ஸில் கம்போஸ் விசை என்று ஒன்றை நாமே ஒதுக்கிக்கொள்ளலாம். அதைத் தட்டினால்தான் சேர்க்கை தொடங்கும், மற்ற நேரத்தில் மேற்கோள் மேற்கோளாகவே இருக்கும். டெக் என்ற கணினி நிறுவனம் 1983-இலேயே தன் முனையங்களின் விசைப்பலகையில் அந்த விசையை வைத்தது.

கோடும்புள்ளியும், உங்கள் பெயரட்டையில் நடந்தது இதுதான். யுடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் அந்த 'இ' இரண்டு பைட்டாகச் சேமிக்கப்படும், 195, 169. அச்சுக்குப் போன மென்பொருள் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று படித்திருக்கிறது. பழைய மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் 195 என்பது அலைக்கோடு போட்ட 'ஏ', 169 என்பது வட்டத்துக்குள் 'சி'.

என் அனுபவம் வேறு. ஒரு புகைப்படக் காப்பகத்தின் தேடல் பொறியில் வேலை. பாதிப் படங்கள் விண்டோஸிலிருந்து வந்தவை, பாதி மேக்கிலிருந்து. ஒரே அடைவில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்று, மேல்கோடு உட்பட. திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வித்தியாசம் கண்ணில் படவே இல்லை. உள்ளே திறந்தால் ஒன்றில் குறியெண் 233, கோடும் எழுத்தும் சேர்ந்த ஒரே எழுத்து. இன்னொன்றில் 101, 769. அதாவது வெறும் 'இ', அதன் பின்னால் தனியாக ஒரு மேல்கோடு. மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களை இப்படிப் பிரித்துத்தான் வைக்கும். விசைப்பலகையில் அடித்துத் தேடியவர்களுக்குப் பாதிப் படங்கள் இல்லவே இல்லை என்றுதான் விடை வந்துகொண்டிருந்தது.

இதை ஐரோப்பியர் தலைவலி என்று நினைக்காதீர்கள். நம்முடைய 'கொ'வும் அப்படித்தான். ககரத்தோடு 3018 சேர்ந்தாலும் 'கொ', 3014-உம் 3006-உம் சேர்ந்தாலும் அதே 'கொ'. ஒருங்குறி இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. சமம் என்று மென்பொருளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற, சேர்த்தே வைக்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாத தேடல் பெட்டியில் தமிழும் தொலையும்.

பழைய தட்டச்சர் எழுதியது:

பைட் தம்பி, முதலில் குறியை அடித்துப் பிறகு எழுத்தை அடிப்பதை நரகம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் பல வருஷம் அதைத்தான் செய்தோம். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் புள்ளி முதலில், மெய் பிறகு. புள்ளி விசையைத் தட்டினால் வண்டி நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதன் அடியிலேயே வந்து விழும். பிரெஞ்சு இயந்திரத்திலும் கூரைக்குறிக்கு இதே ஏற்பாடுதான். இப்படி வண்டியை நகர்த்தாத விசைக்கு டெட் கீ என்று பெயர், அந்தப் பெயர் கணினிக்கு வந்ததே அங்கிருந்து.

எனக்கு மறக்காதது ஒரு மாலை. வெளிநாட்டு நூலகம் ஒன்றுக்குக் கடிதம், ஸ்பானியப் பெயர் ஒன்று வருகிறது. ஆங்கில இயந்திரத்தில் அலைக்கோடு இல்லை. எங்கள் மூத்த தட்டச்சர் அம்மா, உருளையை அரைப்பல் கீழே சுற்றி, எழுத்துக்கு மேலே இடம் பிடித்து, ஒரு சிறு கோட்டைத் தட்டி, உருளையைப் பழையபடி ஏற்றினார். பிறகு மையில் தொட்ட ஊசியால் அந்தக் கோட்டை இரு முனையிலும் வளைத்தார். கடிதத்தின் மூன்று நகல்களிலும் தனித்தனியாகச் செய்தார். "அவரு பேரு இது, நாம மாத்தக் கூடாது" என்றார்.

பைட் எழுதியது:

ஐயா, இயந்திரத்தில் புள்ளிக்கென்று தனி விசை இருந்தது. இங்கே மேற்கோள் குறியின் விசையையே பறித்துக்கொள்கிறார்கள். என் சண்டை அதோடுதான். அந்த அம்மாவுக்கு என் வணக்கம்.

நூலடுக்கு எழுதியது:

சாளரம் சொன்ன பட்டியலை எல்லாம் பார்த்தாயிற்று. எனக்கு வேண்டியது எதிலும் இல்லை. தமிழ் நூல்களை ரோமன் எழுத்தில் பட்டியலிடுவது என் வேலை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பின்பற்றிய முறைதான் இன்றும் ஆய்வு நூல்களில் ஓடுகிறது. ழகரத்துக்கு 'எல்' போட்டுக் கீழே கோடு, ளகரத்துக்கு 'எல்' போட்டுக் கீழே புள்ளி. 'என்' மட்டும் ஐந்து விதம். நகரத்துக்கு வெறும் 'என்', ணகரத்துக்குக் கீழ்ப்புள்ளி, னகரத்துக்குக் கீழ்க்கோடு, ஙகரத்துக்கு மேற்புள்ளி, ஞகரத்துக்கு அலைக்கோடு. நெடில்களுக்கு எல்லாம் மேலே கோடு. இன்டர்நேஷனல் விசைப்பலகையில் இதில் அலைக்கோடு ஒன்றுதான் கிடைக்கும். மேக்கில் 'என்'னை அழுத்திப் பிடித்தாலும் கீழ்க்கோடு வராது.

மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு நூற்பட்டியலை முடித்து அச்சுக்கு அனுப்பினேன். மெய்ப்பு வந்தது. முதல் பக்கத்தில், முதல் வரியில், 'தமிழ்' என்ற சொல்லின் கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் கட்டம். கீழே இறங்கினால் பக்கம் முழுக்கக் கட்டங்கள். ழ, ற, ன வரும் இடமெல்லாம். அச்சகத்தார் வைத்திருந்த எழுத்துருவில் 7739, 7753, 7775 என்ற மூன்று குறியெண்களுக்கும் வடிவமே இல்லை. அவர்களைக் கேட்டபோது, "கோட்டை எடுத்துட்டுப் போட்டுக்கலாமே, யாருக்குத் தெரியப் போகுது" என்றார்கள். கோட்டை எடுத்தால் 'மரம்' எது, 'மறம்' எது? பட்டியலைப் பார்த்து நூலைத் தேடி வருபவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

எழுத்துருவை மாற்றச் செய்து மறுமெய்ப்பு வாங்கினேன். அந்தக் கட்டம் போட்ட தாளைத் தூக்கிப்போட முடியவில்லை.

சாளரம் எழுதியது:

நூலடுக்கு, மேக்கில் ஏபிசி எக்ஸ்டெண்டட் என்ற விசைப்பலகையைச் சேர்த்துப் பாருங்கள். ஆப்ஷனோடு 'ஏ' தட்டிவிட்டு உயிரெழுத்தைத் தட்டினால் நெடில் கோடு, ஆப்ஷனோடு 'எக்ஸ்' என்றால் கீழ்ப்புள்ளி. அழுத்திப் பிடிக்கும் பட்டியலை நம்பாதீர்கள், அது அன்றாட ஐரோப்பிய மொழிகளுக்கு மட்டும். அச்சுக்கு அனுப்பும்போது எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதித்து அனுப்புங்கள். அனுப்பும் முன் இந்த ஏழெட்டு எழுத்துகளை மட்டும் ஒரு வரியில் அடித்து, அச்சகத்தில் ஒரு தாள் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஊதாமை எழுதியது:

அறிவுரை போதும், கதைக்கு வருவோம். என் தோழி ஜெர்மன்காரி, குடும்பப் பெயரில் இரண்டு புள்ளி 'யு'. பயணச்சீட்டில் 'யு', 'இ' என்று இரண்டு எழுத்தாக வந்துவிட்டது. வரிசையில் எனக்குப் படபடப்பு, பெயர் பொருந்தவில்லை என்று இறக்கிவிடுவார்களோ என்று. அவள் நிதானமாகக் கடவுச்சீட்டைத் திறந்து கீழே இருக்கும் இரண்டு வரியைக் காட்டினாள். மேலே புள்ளிகளோடு பெயர், கீழே இயந்திரம் படிக்கும் பகுதியில் அதே 'யு', 'இ'. அந்தப் பகுதியில் 26 பெரிய எழுத்துகள், எண்கள், ஒரு கோணக்குறி, அவ்வளவுக்குத்தான் இடம். "எனக்கு இரண்டு பேர் உண்டு, ஒன்று இயந்திரத்துக்கு" என்றாள்.

ஓரெழுத்து எழுதியது:

கடவுச்சொல்லில் மேல்கோடு எழுத்து போடாதீர்கள் என்று பலர் சொல்வார்கள். எங்கள் அப்பா போட்டிருந்தார். பிரெஞ்சு படித்தவர், அதில் அவருக்குப் பெருமை. ஒரு மேம்படுத்தலுக்குப் பிறகு உள்நுழையும் திரையில் மட்டும் விசைப்பலகை வெறும் ஆங்கிலமாகிவிட்டது. திரையில் கறுப்புப் புள்ளிகள்தானே தெரியும்? எந்த எழுத்து விழுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? திரும்பத் திரும்ப அடித்துவிட்டு, "எனக்கு மறதி வந்துடுச்சாம்மா?" என்று என்னைக் கேட்டார். திரையின் மூலையில் மொழிக் குறியைத் தட்டி மாற்றியதும் முதல் தடவையிலேயே திறந்தது. அவர் முகத்தில் வந்த நிம்மதி எனக்குப் போதும். ஆனால் அந்தக் கேள்வியை அவரைக் கேட்க வைத்த நிரலாளர்கள் மேல் இன்னும் கோபம் போகவில்லை.

ஊதாமை எழுதியது:

ஓரெழுத்து, அதற்காகக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லாதீர்கள். அப்பாவுக்கு அந்த மூலைக் குறியைக் காட்டிக் கொடுத்தால் போதும்.

முகப்பெழுத்து எழுதியது:

நூலட்டை வடிவமைப்பாளன். பிரெஞ்சு நூல் ஒன்று, தலைப்பு முழுதும் பெரிய எழுத்தில். தலைப்பில் மேல்கோடு போட்ட 'இ' முதல் எழுத்து. பதிப்பகத்தில் ஒருவர் "பெரிய எழுத்துக்குக் கோடு தேவையில்லை, பிரெஞ்சுக்காரர்களே போடுவதில்லை" என்று அடித்துச் சொன்னார். போடாமல் விட்டதற்குப் பெரிய காரணம் விசைப்பலகைதான். அவர்களுடைய அசெர்ட்டி விசைப்பலகையில் சிறிய எழுத்து எண் 2 இருக்கும் விசையிலேயே உண்டு, பெரிய எழுத்துக்கு விண்டோஸில் ஆல்ட் 0201 என்று எண் அடிக்க வேண்டும். பிரெஞ்சு அகாதமி பெரிய எழுத்துக்கும் கோடு வேண்டும் என்றே சொல்கிறது. அதைக் காட்டினேன், ஒத்துக்கொண்டார். 2019-இல் பிரான்ஸ் விசைப்பலகைக்கென்று கொண்டுவந்த புதிய தரத்தில் இந்தப் பெரிய எழுத்துகளை நேராக அடிக்க வழி வைத்திருக்கிறார்கள்.

இரவுப்பணிக்கு ஒன்று: ஆல்ட் எண்ணில் முன்னால் வரும் சுழியத்தை விட்டுவிடாதீர்கள். 0233 என்றால் மேல்கோடு 'இ'. வெறும் 233 என்றால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து எழுத்துப் பட்டியலுக்குப் போகும். அமெரிக்க அமைப்பில் கிரேக்கத் தீட்டா வந்து நிற்கும்.

இரவுப்பணி எழுதியது:

தெரியும் நண்பரே. அதே பழைய பட்டியலில் அதற்கு 130, ஓர் இலக்கம் மிச்சம். அதில் 4-உம் இல்லை.