வி ஃபார் வென்டெட்டா: உங்களை இன்னும் விடாத காட்சி எது?

மொட்டைமாடி:
படத்தோட கதை தெரியாதவங்களுக்கு ஒரு வரி: சர்வாதிகாரி சட்லர் ஆளுற இங்கிலாந்துல முகமூடி போட்டு அரசை எதிர்க்கிறவன் வி, அவனோட சேர்ற பொண்ணு ஈவி. நேரா விஷயத்துக்கு வரேன். ஹாஸ்டல்ல ஆறு பேர், ஒரே லேப்டாப். ஈவியைப் பிடிச்சு செல்லுல அடைச்சு மொட்டையடிக்கிற இடத்துல எல்லாரும் கப்சிப். (நடாலி போர்ட்மேனுக்கு நிஜமாவே கேமரா முன்னாடி மழிச்சாங்க.) சாகத் தயார்னு ஈவி சொன்னதும் விசாரிக்கிறவன் செல் கதவைத் திறந்தே விட்டுட்டுப் போயிடறான். வெளிய வந்தா காவலுக்கு நிக்கிறது வெறும் பொம்மை. அந்தப் பக்கம் வி-யோட வீடு! பக்கத்துல இருந்தவன் விசில் அடிச்சான். எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. சட்லரோட ஆளுங்க செய்யற அதே சித்திரவதையை வி-யும் செஞ்சுட்டு, உன் நல்லதுக்குத்தான்னு நிக்கிறானே. இன்னிக்கு வரைக்கும் அவனை மன்னிக்கல.

தேம்ஸ்கரை:
லண்டன்ல இருக்கேன். இங்க நவம்பர் 5 ராத்திரி ஊரே பட்டாசு. "தீபாவளி இன்னும் முடியலையாப்பா?"ன்னு மகள் கேட்டா. பூங்காவுல விறகு அடுக்கி, உச்சியில கை ஃபாக்ஸ் பொம்மையை வச்சுக் கொளுத்துனாங்க. 1605-ல பார்லிமென்டுக்கு அடியில 36 பீப்பாய் வெடிமருந்தோட மாட்டுனவர். வி போடற முகமூடி இவரோட முகம்தான், அதனால படம் பார்த்த நமக்கு அவர் ஹீரோ. ஆனா அவர் கேட்டது மக்களாட்சி இல்ல, கத்தோலிக்க அரசு. சொல்ல வந்தது அது இல்ல. கூட்டத்துல ஒரு பையன் அந்த முகமூடியை மாட்டிக்கிட்டு, பொம்மை எரியறதைப் பார்த்துக் கைதட்டிட்டு இருந்தான். தன் முகம்தான் எரியுதுன்னு தெரியுமா அவனுக்கு?

சன்னல்சீட்டு:
அம்மாவுக்கு கீமோ நடந்துட்டு இருந்த சமயம். டிவியில சேனல் மாத்திட்டே வந்தப்ப அந்த மொட்டைக் காட்சி. அவசரமா மாத்தப் போனேன். "இருடி"ன்னு ரிமோட்டை வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. ஈவி மழையில போய் நின்னப்ப அவங்க கை தன்னால தலைக்குப் போச்சு. படம் முடியற வரைக்கும் ரிமோட்டைத் தரல. என்ன படம்னுகூடக் கேக்கல.

பழையபேப்பர்:
என் அனுபவம் ஒரே வரி: வி அடுக்கி வச்ச டாமினோ கட்டைங்க சரியற இடத்துல அழுதுட்டேன். மொட்டைமாடி தம்பி, நீங்க படத்தையே பாதிதான் பார்த்திருக்கீங்க. செல் பொய், ஆனா சுவர் ஓட்டையில ஈவிக்குக் கிடைச்ச, வேலரிங்கற கைதியோட கடிதம் பொய்யா? அரசோட நிஜச் சிறையில டாய்லெட் பேப்பர்ல அவ எழுதி, பக்கத்து அறையில அடைபட்டிருந்த வி-க்குக் கொடுத்தது. அதைத்தான் அவன் கைமாத்துறான். முதல்ல படத்துக்கு மூலமான காமிக்ஸ் படிங்க. ஆலன் மூர் எழுதி டேவிட் லாய்ட் வரைஞ்சது, 1982-ல தொடங்குச்சு, பிரிட்டன்ல தாட்சர் பிரதமரா இருந்த காலம். மூர் படத்துல தன் பேரே வேணாம்னுட்டார், ஏன்னு அப்பப் புரியும். அடுத்து '1984'ங்கற படத்தைப் பாருங்க. அதுல அடிவாங்குற வின்ஸ்டனா நடிச்ச ஜான் ஹர்ட்தான் இதுல சர்வாதிகாரி. அதுக்கப்புறம் இதை மறுபடி, ஹெட்போன் போட்டு, ராத்திரி தனியா. முகமூடி வாங்கிடாதீங்க, அதிகாரப்பூர்வமா விக்கிறதுல பட நிறுவனத்துக்கும் பங்கு போகுது. கண்ணாடி போடறவங்களுக்கு எப்படியும் சரிவராது, எனக்கு ஆவி படிஞ்சே போச்சு.

மொட்டைமாடி:
ஐயா, வாங்காதேன்னுட்டு நீங்க வாங்கியிருக்கீங்க. கடிதம் நிஜம்தான், ஒத்துக்கறேன். அதை அவ கையிலயே குடுத்திருக்கலாம்ல?